சுபைறாவின் பிடியரிசிப் பை

பிடியரிசியைச் சோறாக்கினால் மறைக்க முடியாது. நிலக்காரப் போடியார் வீட்டுச் சம்பா, வயல்காரர் வீட்டுச் சிவப்பரிசி, கூப்பன் கடைப் பச்சரிசி, வீட்டிலேயே அவித்துக் குற்றிய புழுங்கல் என்று எல்லாம் ஒரே பையில் விழுந்து கலந்திருக்கும். ஆக்கிக் கோப்பையில் போட்டால் வெள்ளையும் சிவப்புமாகப் பல்லிளிக்கும். இது பள்ளிவாசலிலிருந்து வந்த அரிசி என்று வாசலில் நிற்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

சாய்ந்தமருதில் ஒரு குறுகிய ஒழுங்கை, அதில் இருபத்தாறு வீடுகள். ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு சின்ன முட்டி இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை பிஸ்மி சொல்லி முட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் பெண்கள் மிச்ச அரிசியைக் களைவார்கள். வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் சுபைறா வருவாள். தோளில் தொங்கும் சீலைப்பைக்குள் முட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அந்த அரிசி பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சிக்கும் ஆகும், இல்லாத வீடுகளுக்கும் ஆகும்.

சுபைறாவின் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, ஆனால் அவள் ஒழுங்கையின் தலைப்பில் கதைத்தால் கடைசி வீட்டில் விளங்கும். "என்னகா, இந்தக் கிழம முட்டி பாதிதான் கிடக்கு? மாப்பிளைக்குச் சோறு போடாம விட்டயா, பள்ளிக்குப் போடாம விட்டயா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். யாரும் கோபிக்கமாட்டார்கள். அவள் வருகிற நாளில்தான் ஒழுங்கையின் புதினம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த வீட்டு மாடு கன்று போட்டது என்பதெல்லாம் அரிசியோடு சேர்ந்து பைக்குள் போகும். ஆனால் யார் வீட்டில் அரிசி இல்லை என்பது மட்டும் அந்த வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

அதற்குக் காரணம் பாத்தும்மா. எழுபத்தாறாம் ஆண்டு வரைக்கும் அந்தப் பையைச் சுமந்தவள் அவள்தான். புருசன் மௌத்தாகி ஆறு மாதத்தில் அவள் வீட்டு அரிசிப்பானை காலியானது. அந்த ஒழுங்கைக்காரரின் குடிக்கு, அதாவது தாய்வழிக் கூட்டத்துக்கு, பள்ளியில் பொறுப்பாக இருந்தவர் கச்சிமுகம்மது மரைக்கார். ஒருநாள் அவர் பாத்தும்மாவின் வாசலுக்கு வந்து, "கொஞ்சம் ஆறி இரிங்க தங்கச்சி. பைய வேற ஆரும் தூக்கட்டும்" என்றார். அவர் கெட்டவரில்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். பசித்த வீட்டில் பள்ளியின் அரிசி இருந்தால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பை சுபைறாவிடம் வந்தது. முதல் வியாழக்கிழமையே அவள் பாத்தும்மாவுக்கு இரண்டு கொத்து அரிசியைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில், ஒழுங்கையே பார்த்திருக்கப் போனாள். பாத்தும்மா வாங்கிக்கொண்டாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாசலுக்கு வருவதே குறைந்துபோனது.

சுபைறாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்றிலிருந்து தன் நடையை மாற்றினாள். இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல் இருபத்தாறு வீட்டுக்குள்ளும் பையோடு நுழைந்தாள். இருக்கிற வீட்டில் முட்டியைப் பைக்குள் கவிழ்த்தாள். இல்லாத வீட்டில் பையைப் பானைக்குள் கவிழ்த்தாள். வெளியே நின்று பார்க்கிறவருக்கு, அவள் போனாள், வந்தாள், அவ்வளவுதான். மரைக்காரும் ஒன்று மட்டும் சொன்னார். "ஆருக்குக் குடுத்தயெண்டு எனக்குச் சொல்லத் தேவல்ல. மிச்சத்தப் பள்ளிப் பெட்டகத்துல போடு. அது நம்மள நம்பித் தந்த அமானிதம்."

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி வந்தது. ஒரே இரவில் கரையோரத்துத் தென்னைகள் எல்லாம் படுத்துவிட்டன. சுபைறாவின் கூட்டாளி றபீக்காவின் வீட்டில் கூரை போனது. கூரையாவது கிடுகு, மறுபடி வேய்ந்துகொள்ளலாம். பின் வளவில் இருந்த தறிக்கொட்டிலின் மேல் ஒரு தென்னை விழுந்ததுதான் பெரிய அடி. றபீக்காவின் புருசன் ஸைனுலாப்தீன் மருதமுனைக்காரர், நெசவுதான் அவர் தொழில். கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வரும்போது தறியையும் கொண்டுவந்தவர். அந்தத் தறி இப்போது விறகாகக் கிடந்தது.

றபீக்காவும் சுபைறாவும் ஒரே லெப்பையிடம் ஓதி, ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். றபீக்கா அதிகம் கதைக்கமாட்டாள். கண்பார்வை மட்டம், தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதைத் தறி நூலால் கட்டியிருந்தாள். ரோசக்காரி. மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் பல் குத்திக்கொண்டு வாசலில் நிற்கிற இனம்.

சுபைறா வழக்கம்போல் பையோடு நுழைந்து, வழக்கம்போல் பானைக்குள் கவிழ்த்துவிட்டு வந்தாள். கெட்டகாலம், அடுத்த நாள் பகல் மருதமுனையிலிருந்து ஸைனுலாப்தீனின் தங்கச்சி வந்துவிட்டாள். சோற்றைப் பார்த்தவள், "என்ன மச்சி, பள்ளிச் சோறா?" என்று கேட்டாள். பாவம், அவள் குத்திக் கேட்கவில்லை. ஆனால் அன்று பின்னேரமே றபீக்கா பானையைத் தூக்கிக்கொண்டு சுபைறாவின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"பள்ளிட அரிசி பள்ளிக்கே போகட்டும்."

"றபீக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுகா..."

"நான் ஒண்டும் கேக்கல்ல புள்ள. இதப் பிடி."

அதோடு பேச்சு நின்றுபோனது. ஊரெல்லாம் கதைக்கிற சுபைறாவுக்கு அந்த ஒரு வீட்டில் கதைக்க முடியாமல் போனது தாங்கவில்லை. இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடியரிசியைச் சுளகில் பரப்பி, சிவப்பைத் தனியே, வெள்ளையைத் தனியே பொறுக்கத் தொடங்கினாள். சிவப்பு ஒரு சுண்டு சேர ஒரு பின்னேரம் போனது. கழுத்து நொந்தது, விரல் நுனி தேய்ந்தது. நாலு நாளில் ஒரு கொத்துச் சிவப்பரிசி சேர்ந்தது. ஒரு வெள்ளை மணியும் அதில் இல்லை. சுபைறாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வியாழக்கிழமை றபீக்காவின் வீட்டுக்குள் போய், முகத்தைப் பார்க்காமல், மனப்பாடம் பண்ணியதை ஒப்புவித்தாள். "சாகாமத்துல எங்கட இவருக்கு ஒரு துண்டுக் காணி கூடக் கிடைச்சிச்சு. அந்த வெள்ளாமை அரிசி. வீட்டுல வெச்சா எலி திண்டுரும். உன்ட பானையில கொஞ்சம் கிடக்கட்டும்."

சாகாமத்தில் அவள் புருசன் முத்தலிப்புக்கு ஒரு துண்டுக் காணியும் கூடக் கிடைக்கவில்லை. அவர் போடியார் ஒருவரின் வயலைப் பங்குக்குச் செய்கிற முல்லைக்காரர். அறுவடை முடிந்தால் பங்கு நெல், இல்லாவிட்டால் இல்லை.

றபீக்கா ஒரு பிடியை அள்ளிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். விரலால் அளைந்தாள். பிறகு, "புது அரிசிதான். தண்ணி கொறயத்தான் வெக்கணும்" என்றாள். சுபைறாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எட்டு மாதம், தறி மறுபடி ஓடும் வரைக்கும், சுபைறா பின்னேரம் பின்னேரமாகச் சிவப்பரிசி பொறுக்கினாள். வியாழக்கிழமைதோறும் போகும்போது, "சோறு எப்பிடிகா வந்திச்சு?" என்று கேட்பாள்.

"பூப்போல வந்திச்சு" என்பாள் றபீக்கா.

சுபைறா தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அந்த அரிசியில் ஒரு மணியைக்கூட அவள் தன் உலையில் போட்டுப் பார்த்ததில்லை. அமானிதத்தில் கை வைப்பாளா?

எண்பத்திரண்டு தை மாதம், கதிர் முற்றுகிற நேரம், முத்தலிப் சாகாமத்தில் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். போடியார் நல்ல மனுசன், ஆள் அனுப்பி விசாரித்தார். ஆனால் வயல் காத்திருக்குமா? வேறு ஆளை வைத்து அறுத்துச் சூடடித்தார். பங்கும் அந்த ஆளுக்குப் போனது. நாடெல்லாம் நெல் காய்கிற பங்குனியில் சுபைறாவின் பானையில் அடி தெரிந்தது.

முதலில் இரவுச் சோறு நின்றது. பிறகு பகலுக்கும் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அடுத்த வீட்டுக்காரி கிழங்கு அவிகிற மணத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், "பரீனாக்குக் கிழங்கெண்டா உசிருகா. சோத்தக் கண்டா ஓடுறாள்" என்பாள் சுபைறா. பன்னிரண்டு வயது மகள் பரீனா உம்மாவை ஒரு பார்வை பார்ப்பாள். கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வாள்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிப் பெட்டகத்தின் திறப்பு வைத்திருக்கிறவர் அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். பை நிறைந்த அரிசியோடு சுபைறா வீட்டுக்கு வந்து, அதைச் சுவர் ஆணியில் மாட்டினாள். முத்தலிப் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கண் பையில் போய் நின்றது.

"பாக்காதீங்க" என்றாள் சுபைறா.

"பாத்தா கொறயிமா?"

"பாத்தா எனக்குக் கை நீளும். திரும்பி இரிங்க."

அவர் காலை நகர்த்த முடியாமல் தலையை மட்டும் திருப்பிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் சுபைறா அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பசி அவளுக்குப் பெரிய விசயமில்லை. பாத்தும்மாவின் வாசலில் மரைக்கார் நின்ற நிலைதான் கண்ணுக்குள் நின்றது. தன் பானை காலி என்று தெரிந்தால் பை போய்விடும். பை போனால் இருபத்தாறு வீட்டு வாசலும் போய்விடும். இந்த ஒழுங்கையில் சுபைறா என்பது யார்? பையைச் சுமக்கிறவள். பை இல்லாவிட்டால், யாரோ பையோடு வந்து பானைக்குள் கவிழ்த்துவிட்டுப் போகிற வீடு.

கால் கோணலாகப் பொருந்தியிருந்தது. மறுபடி பிரித்துக் கட்ட வேண்டும், இரண்டு கிழமை தன்னுடைய வீட்டில் வந்து தங்கிப் படுக்க வேண்டும் என்றார் அயலூரில் பேரெடுத்த ஒரு முறிவு வைத்தியர். சுபைறாவும் கூடப் போக வேண்டியதாயிற்று. றபீக்காவிடம் பரீனாவை விட்டாள்.

"பைய என்ன செய்யிற?" என்று கேட்டாள் றபீக்கா.

"ரெண்டு வியாழன்தானே..."

"நான் போறன். மரைக்காருக்கிட்ட நான் சொல்றன்."

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தாள். ஆனால் வண்டி ஏறும்போது, கழற்றிக் கொடுத்த தோள் வெறுமையாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு புதன்கிழமை வீட்டுக்குத் திரும்பினார்கள். அடுப்படிக்குள் காலை வைத்ததும் சுபைறா முதலில் முட்டியைத்தான் பார்த்தாள். எப்போதாவது உலை வைத்த நாளில் பிடி போட்டு வைத்திருந்த பிடியரிசி முட்டி காலியாக இருந்தது. அது சரி, றபீக்கா வந்து கொட்டி எடுத்திருப்பாள், வீட்டுத் திறப்பும் அவளிடம்தான். ஆனால் முட்டிக்குப் பக்கத்தில் அரிசிப்பானை. கழுவி, துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்த அரிசிப்பானை. போகிற அவசரத்தில் அதை நிமிர்த்தி மூடி வைக்க மறந்துபோயிருந்தாள்! அரிசியுள்ள வீட்டில் யாரும் பானையைக் கவிழ்த்து வைப்பதில்லை. முட்டியை எடுக்க வந்தவள் பானையைப் பார்க்காமல் போயிருக்க முடியாது, என்னதான் கண்பார்வை மட்டம் என்றாலும்.

வியாழன் விடிந்தது. றபீக்கா பையைக் கொண்டுவரவில்லை. பரீனாதான் வந்தாள்.

"மாமி எங்க புள்ள?"

"வேலயா இரிக்காவாம். மறுகா வாறாவாம்."

என்ன வேலை? மரைக்காரைப் பார்க்கிற வேலையோ? சுபைறா வாசலைக் கூட்டினாள். கூட்டிய வாசலை மறுபடியும் கூட்டினாள். எட்டு மணிக்கு ஒழுங்கையில் மரைக்காரின் சைக்கிள் மணி கேட்டது. அவர் அவள் வாசலில் இறங்கினார். சுபைறா விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"முத்தலிப்புக்கு எப்பிடி?"

"அல்லாட காவல், நடப்பார் எண்டாங்க."

"ம். நல்லம்." அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "பைய ஆருக்கிட்டயும் குடுத்திராத. றபீக்காக்குக் கண் விளங்கல்ல, பாதி அரிசிய நிலத்துல கொட்டுறாளாம், இனி ஏலாதெண்டு சொல்றாள். நீயே தூக்கு."

சைக்கிள் போய்விட்டது. சுபைறாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பார்வை மட்டமென்றாலும் தறி நூல் அறுந்தால் இருட்டில் முடிச்சுப் போடுகிறவள் றபீக்கா, அரிசியை நிலத்தில் கொட்டுவாளா?

பத்து மணிபோல றபீக்கா வந்தாள். தோளில் பை, இடுப்பில் ஒரு கடகம். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. பையைக் கழற்றிச் சுபைறாவின் கையில் கொடுத்தாள். கடகத்தை அடுப்படிக்குள் கொண்டுபோய், கவிழ்ந்திருந்த பானையை நிமிர்த்தி, அதற்குள் கொட்டினாள். சிவப்பரிசி. இரண்டு கொத்து இருக்கும்.

"சாகாமத்துல எங்கட இவருக்கு ஒரு துண்டுக் காணி கிடைச்சிச்சு" என்றாள் றபீக்கா. "அந்த வெள்ளாமை அரிசி. வீட்டுல வெச்சா எலி திண்டுரும். உன்ட பானையில கொஞ்சம் கிடக்கட்டும்."

தறியை விட்டு நகராத ஸைனுலாப்தீனுக்குச் சாகாமம் எந்தத் திசை என்றே தெரியாது. சுபைறா கையிலிருந்த பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"புது அரிசி. தண்ணி கொறய வை" என்று சொல்லிவிட்டு றபீக்கா போய்விட்டாள்.

சுபைறா பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். சிவப்புக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை மணிகள் கிடந்தன. கண்ணாடி போட்டுக்கொண்டு எத்தனை நாள் சுளகுக்கு மேல் குனிந்திருந்தாளோ! அந்தப் பிடியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பிஸ்மி சொல்லி அதைப் பிடியரிசி முட்டிக்குள் போட்டாள். மிச்சத்தில் ஒரு சுண்டு அளந்து, களைந்து, உலையில் இட்டாள்.

தண்ணீர் குறையத்தான் வைத்தாள். சோறு கொதித்தது. கரண்டியில் எடுத்து நசித்துப் பார்த்தாள். பாதி குழைந்து களியாகியிருந்தது. பாதி கல்லாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். குழைந்தது இன்னும் குழைந்தது, கல் கல்லாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிறம் ஒன்றாக இருந்தால் போதுமா? ஒரு வீட்டுச் சிவப்பு பச்சரிசி, இன்னொரு வீட்டுச் சிவப்பு புழுங்கலரிசி. சுளகில் பொறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாதது உலையில் தெரிந்துவிடுகிறது.

ஒரே வயலில் விளைந்த அரிசி இப்படி வேகாது. சோறாக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது முதல் நாளே தெரியும்.

சுபைறா அகப்பையோடு அடுப்படி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம்! எட்டு மாதமும் இந்தச் சோற்றைத்தான் றபீக்கா ஆக்கித் தின்றிருக்கிறாள். எட்டு மாதமும் தான் போய் இளித்துக்கொண்டு நின்று, சோறு எப்படி என்று கேட்டிருக்கிறாள். வெட்கம் வந்தது, அழுகை வந்தது, அதையெல்லாம் தள்ளிக்கொண்டு சந்தோசமும் வந்தது. பரீனா ஓடிவந்து, "என்ன உம்மா?" என்றாள். "புகை புள்ள. வாப்பாவக் கூப்புடு, சோறு தின்ன" என்றாள். மூன்று பேரும் தின்றார்கள். முத்தலிப் ஒரு வாயை மென்று, கல்லைக் கடித்ததுபோல மெல்லுவதை நிறுத்தி, பெண்சாதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் தின்றார்.

அஸர் தொழுததும் சுபைறா பையைத் தோளில் போட்டாள். முதலில் தன் வீட்டு முட்டியில் கிடந்த பிடியைப் பைக்குள் கவிழ்த்தாள். பிறகு ஒழுங்கையில் இறங்கினாள். "என்னகா, ரெண்டு கிழம நான் இல்லாமப் போக முட்டிக்குள்ள எல்லாம் பூனக்குட்டி படுக்குதா?" என்று முதல் வீட்டிலேயே குரல் கேட்டது. பதினோராவது வீடு றபீக்காவுடையது. உள்ளே தறி தட தடவென்று ஓடிக்கொண்டிருந்தது. றபீக்கா முட்டியை எடுத்து வந்து பைக்குள் கவிழ்த்தாள். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"சோறு எப்பிடி வந்திச்சு?" என்று கேட்டாள்.

சுபைறா பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"பூப்போல வந்திச்சுகா" என்றாள்.